மாமனார் வீட்டில் நான் ஆக்கிய கொரியா மீன்

1

கோகிலாவின் விசா செத்துப்போக இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

கோகிலா என் பெண்டாட்டி. பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருக்கிற அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். நான் தென்கொரியாவில், கடலோரத்தில், ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். பத்தாவதில் மூன்று பாடத்தைக் கோட்டை விட்டவன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஏழு வருஷம் இரும்பு ஒட்டினேன். லாரி ஒட்டுகிறவன் கப்பல் ஒட்ட மாட்டானா என்று ஓர் ஏஜெண்ட் கேட்டார். ஒட்டுவான் என்று நானும் கிளம்பி வந்துவிட்டேன். முதல் நாள் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் எங்கே கட்டுவார்கள் என்று தேடியதுதான். கட்டுவதில்லையாம்.

விசா என்றால் லேசில் வந்த விசா இல்லை. கல்யாணத்தைப் பதிவு செய்த காகிதம், அதன் மேல் சென்னையில் ஒரு முத்திரை, கோகிலாவின் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே, நான் இங்கே வாடகைக்கு இருப்பதற்கு ஓர் ஒப்பந்தம், அவளை நான் பட்டினி போட மாட்டேன் என்பதற்கு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். படிவத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடு என்றார்கள். இப்போது அந்தக் காகிதத்தில் என் மாமனார் கந்தசாமியின் பெயர் பெரிதாக இருக்கிறது, கோகிலா பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடியும் எக்ஸ்ரேயிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டரை மாதம் முன்னால் லீவில் ஊருக்குப் போனபோது, திரும்பி வர இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தேன். ஒரு சீட்டில்தான் ஆள் வந்தது. ஏன் என்று இங்கே எழுதப் போகிறேன். ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்களாம். என் கதையையும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

2

எங்களுக்குக் கல்யாணமாகி இருபதாம் நாள் நான் விமானம் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு பதினோரு மாதம் எல்லாமே போன்தான். நான் என்ன சொன்னாலும் அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அதனால் சிரிக்க வைக்கிற மாதிரிதான் பேசுவேன். வேறு மாதிரி பேச எனக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லீவில் போன நான் பாதிக் கொரியாக்காரனாகத்தான் போயிருக்கிறேன். அத்தை தண்ணீர்ச் செம்பை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே 'ஆமாம்' என்பதற்கு 'நே' என்பார்கள். மாமா கொடிக்காலிலிருந்து கூப்பிட்டபோது வாய் தவறி "நே" என்று குரல் கொடுத்தேன். "வெள்ளாட்டுக் குட்டி எதாச்சும் உள்ள பூந்துருச்சா?" என்று மாமா வேலியைச் சுற்றித் தேடினார்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மாமா என்னை வீட்டுக்கு முன்னாலிருக்கும் களத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். துண்டை மடியில் போட்டு மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. பொண்ணை இப்பத்திக்கு அனுப்ப முடியாதுங்க."

"ஏனுங்க மாமா? கட்டிக் குடுத்த பொறகு வாரண்டி கார்டைக் கையில வெச்சுட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஊருச் சோறு இவளுக்கு ஆகாதுங்க. காரம் புளி இல்லாட்டி ஒரு வாய் எறங்காது. அங்க போயி வவுறு காஞ்சு கெடக்கறதுக்கா வளத்துனேன்?"

வாசப்படியில் நின்ற அத்தை சேர்ந்துகொண்டார். "மீனைப் பச்சையாவே தின்பாங்களாமா?"

"ஆமாங்க அத்தை. துள்ளும்போதே முழுங்கிப் போடோணும். இல்லாட்டி மீனு கோவிச்சுக்கும்."

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான், இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. கோகிலா அத்தைக்குப் பின்னால் நின்றாள். தரையைப் பார்த்தபடி கால் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பாவம், அப்பாவுக்குப் பயந்த பெண் என்று நினைத்தேன்.

எனக்குள் ஏதோ சூடாகிவிட்டது. "சோறுதானுங்களே மாமா பிரச்சனை? ஞாயித்துக்கெழம நானே ஆக்கிப் போடறேன். தின்னு பாருங்க. ஆகும்னா அனுப்பி வையுங்க. ஆகாதுன்னு நீங்க வாயத் தொறந்து சொன்னீங்கன்னா அவ டிக்கெட்டை நானே கிழிச்சுப் போடறேன்."

"ஐயோ சாமி!" என்று அத்தை பதறினார். "மாப்ள அடுப்புக்கிட்ட வந்தா ஊரு என்னன்னு பேசும்? பொண்ணுக்கு ஆக்கத் தெரியாது, அவியம்மாளுக்கும் தெரியாது, வந்தவருதான் ஆக்கித் தின்னாருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

அந்தப் பக்கத்து வீடுகளில் மாப்பிள்ளை என்பவர் உட்கார வேண்டும். எழுந்தால் ஒரு தலைமுறைக்குப் பேச்சு. ஆனால் அதே வீடுகளில் மீனை உள் அடுப்பில் ஏற்றுவதும் இல்லை. பின்னால் பொடக்காளியில் தனி அடுப்பு, தனி மண்சட்டி, தனிக் கரண்டி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "நா எங்கீங்க அத்தை சமையக்கட்டுக்கு வாரேன்? பொடக்காளிலதான நிக்கப் போறேன்? பொடக்காளில நிக்கற மாப்ளையை ஆரு கேக்கறது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, ஆக்குங்க" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

3

நான் ஆக்க நினைத்த மீனைக் கற்றுக்கொண்டது இங்கே கொரியாவில், என் அறைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம். ஜொரிம் என்பார்கள். குழம்பும் இல்லை, வறுவலும் இல்லை. வெள்ளை முள்ளங்கியை விரல் கனத்துக்கு வட்டமாக அறுத்துச் சட்டியின் அடியில் பரப்ப வேண்டும். அதன் மேல் மீன். அதன் மேல் மிளகாய்த்தூள், சோயா சாறு, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் குழைத்த மசால். அரைச் சட்டித் தண்ணீர். மூடிவிட வேண்டும். கிளறவே கூடாது. சாறு சுண்டிச் சுண்டி மீனுக்குள் போய்விடும். கடைசியில் மீனை விட முள்ளங்கிக்குத்தான் சண்டை வரும்.

கோகிலாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜேடர்பாளையம் அணைக்கு மீன் வாங்கப் போனேன். மீன்கார அக்கா ரோகு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"கொழம்புக்கா தம்பி, வறுக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுலீங்கக்கா."

"நடுவுலன்னா வெந்தும் வேகாமயா? இந்தப் புள்ள உன்ற கூட எப்படிக் குடும்பம் பண்ணுதோ!"

நான் சிரித்தேன். கோகிலா சிரிக்கவில்லை. மீனை வெட்டுகிறவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அங்க ரூமு எத்தனை பெருசுங்க?"

"உங்கொப்பன் கொடிக்கால் அத்தனை. இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு பஸ் உட்டிருக்கறாங்க."

"சன்னல் இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுல பாத்தீன்னா நேரா உன்ற ஊடு தெரியும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை. மீன் பையைக் கையில் பிடித்திருப்பதால் நாற்றம் தாங்காமல் இருக்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு அறிவு.

4

பெட்டியில் நான் கொண்டு போயிருந்த கொரியா மிளகாய்த்தூள் பார்க்க ரத்தம் மாதிரி இருக்கும். காரம் நம்ம ஊர்த் தூளில் பாதி கூட இருக்காது. நான் அதை ஐந்து கரண்டி அள்ளிப் போட்டதைப் பார்த்து அத்தை நெஞ்சில் கை வைத்தார். அடுத்து கறுப்பாக சோயா சாற்றை ஊற்றினேன். "என்னங்க சாமி இது, வண்டி ஆயிலா?" என்றார். "ஆமாங்க, மீனு சர்வீஸ் பண்ணி ஆறு மாசமாச்சு" என்றேன்.

அந்தச் சாறே ஒரே உப்பு. அதனால் இந்த மீனுக்கு உப்புத் தனியாகப் போடுவதில்லை. இதை நான் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆயில், சர்வீஸ் என்று உளறியதற்குப் பதிலாக அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

சட்டியை மூடினேன். அந்த நேரம் பார்த்து மாமா முன் வாசலிலிருந்து கூப்பிட்டார். போனேன். ஒன்றுமில்லை, எந்த ஊரில் விமானம் மாறுவீர்கள் என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன். அங்கே எவ்வளவு நேரம் என்றார். ஆறு மணி நேரம் என்றேன். ஆறு மணி நேரம் என்ன செய்வீர்கள் என்றார். வேறு எதையோ கேட்க வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அவர் கேட்கவும் இல்லை, என்னை விடவும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை நல்ல பிள்ளை மாதிரி இரண்டு அடி தள்ளி நின்றார். வாசம் அங்கே கடைக்காரம்மா வீட்டு வாசம் மாதிரியே வந்தது. நான் ருசி பார்க்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பில் இருப்பதை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். எச்சில் என்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கரண்டியை நக்குகிற தைரியம் எனக்கும் இல்லை.

5

இலை போட்டார்கள். மாமாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கோகிலா பரிமாறினாள். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா முதல் வாய் வைத்தார். அவர் தாடை அசைவது நின்றது. பிறகு அசைந்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது. காரம்தான் என்று நினைத்து நானும் ஒரு வாய் வைத்தேன்.

உப்பு. கடலைக் காய்ச்சி இலையில் ஊற்றின மாதிரி உப்பு.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை. விஷயம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை உப்புப் போட மறந்துவிட்டார். மறந்தீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்வது மரியாதை இல்லை. அதனால் நான் அந்தப் பக்கம் போனதும் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். அதை நான் இப்போது எப்படிச் சொல்வது? அத்தையின் தலை குனிந்துவிடும். மாமாவாலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஆக்கிய சாப்பாட்டைக் குறை சொன்ன மாமனார் என்று ஒருவர் அந்த வட்டாரத்தில் இதுவரை இல்லை.

"எப்பிடீங்க மாமா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க மாப்ள." குரல் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வந்தது. "அம்மிணி, சோறு போடு."

சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் என்றார். போட்டாள். ஒரு துண்டு மீனுக்கு ஒரு படிச் சோறு போய்க்கொண்டிருந்தது. மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். நான் விடவில்லை. அவர் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது, தப்பிக்கத்தான் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப அந்த ஊருச் சோறு ஆகும்ங்களா?"

"மோரு கொண்டா" என்றார் அத்தையிடம்.

"மீனைத் தின்னுட்டு மோரா? மேலுக்கு ஆகாதுங்க. தேமல் வந்துரும்."

"வந்தா வருது. கொண்டான்னா கொண்டா!"

அந்த வீட்டில் மீனுக்கு மேல் மோர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அத்தை கொண்டு வந்தார். மாமா இலையில் ஊற்றாமல் செம்போடு குடித்தார்.

"மாமா, ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. வெசாழக்கெழம ரெண்டு பேரா, ஒருத்தரா?"

மாமா செம்பைத் தரையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"ஏம்மிணி, நீயே சொல்லிப் போடு. எம்மேல எத்தனை நாளைக்கு ஏத்தி வெச்சிருப்ப? நானெங்க வேண்டாங்கறேன்? நீதான, 'அப்பா, நீங்க தடுக்கற மாதிரி தடுங்க, எனக்கு அவருகிட்டச் சொல்ல வாய் வரலீங்க'ன்னு அழுத? சோறு ஆகாதுன்னு நீதான சொல்லச் சொன்ன? அதுக்காவ இந்த உப்புல ரெண்டு துண்டு தின்னாச்சு. இன்னி என்னால ஆகாது சாமி."

"உப்பா?" என்றார் அத்தை. "நா ஒரு கை தானுங்களே போட்டேன்? மாப்ள மறந்துட்டாருன்னு…"

கோகிலா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

6

அந்த நேரத்தில்கூட எனக்கு ஒரு கிண்டல்தான் வாயில் வந்தது. "அப்ப மீனு பாஸு, நாந்தான் பெயிலா?" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, கோகிலா கரண்டியைச் சோற்றுப் பாத்திரத்தில் போட்டாள். அந்தச் சத்தத்துக்குக் கோழி கூட எழுந்து ஓடியது.

"இதுக்குத்தானுங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுக்குத்தான் நா வரலீங்கறேன். போன பங்குனில பத்து நாளு நீங்க வீடியோவே போடல. போனுல மட்டும் பேசுனீங்க. என்னாச்சுன்னு கேட்டேன். ஏசி ரூம்ல படுக்க வெச்சுச் சோறு ஊட்டறாங்க, கம்பெனிக்கு எம்மேல ஆசைன்னு சொன்னீங்க. நானும் சிரிச்சேன். இப்ப லீவுக்கு வந்து சட்டையக் கழட்டுனா எடது கையி முழங்கை வரைக்கும் வெந்து சுருங்கிக் கெடக்குது. என்னங்க இதுன்னு கேட்டா, பச்சை குத்தி உட்டாங்கன்னு சொல்றீங்க."

மாமாவுக்கு அது தெரியாது. என் இடது கையைப் பார்த்தார். நான் முழுக்கைச் சட்டையில் இருந்தேன். அந்த லீவு முழுக்க முழுக்கைதான்.

"அங்க வந்து நா தனியா உக்காந்துட்டு இருப்பேன். பாசை தெரியாது, மனுசாளத் தெரியாது. எனக்கு இருக்கறது நீங்க சொல்றது ஒண்ணுதான். அதுல எது நெசம், எது வெளாட்டுன்னு நா ஆரைப் போயிக் கேப்பேன்? ரூமு எத்தனை பெருசுன்னு கேட்டா பஸ்சு ஓடுதுங்கறீங்க."

இலையில் உப்பு மீன். எதிரில் மாமனார். தூணில் மாமியார். ஓடிப்போக இடமில்லை.

நான் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். பிறகு சொன்னேன். ரூம் சின்னது, நீட்டிப் படுத்தால் கால் கதவில் இடிக்கும். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காலையில் ஐந்தரைக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வருவேன், அதுவரை பேச ஆள் கிடையாது. தை மாதம் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். தீக்கங்கு கையுறைக்குள் போய் கை வெந்தபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "ராத்திரியெல்லாம் அம்மான்னு கத்தோணும் போல இருந்துச்சு. பக்கத்துக் கட்டிலு ஆளு பயந்துக்குவான்னு தலகாணியக் கடிச்சுட்டுக் கெடந்தேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பழக்கமில்லாத யாருடையதோ மாதிரி இருந்தது.

கோகிலா என் கையைப் பார்த்தபடியே சொன்னாள். "இதை மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நா அப்பவே ரோசனை பண்ணியிருப்பேன். இன்னைக்குத்தான சொல்றீங்க. இனிமேத்தான் ரோசனை பண்ணோணும்."

வியாழக்கிழமை நான் ஒருவனாகக் கிளம்பினேன். அவள் பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தாள். பேருந்து வருவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். தினமும் போனில் ஒரு விஷயமாவது விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, நடந்தது நடந்த மாதிரி. மற்ற நேரம் என்ன வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம்.

7

நம்ப மாட்டீர்கள், இதுதான் எனக்கு இந்த ஊரில் வந்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. சாயங்காலம் ஆறரைக்கு அறைக்கு வருவேன். ஊரில் அப்போது மத்தியானம் மூன்று மணி. போனை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன நெசம் சொல்வது என்று யோசிப்பேன். முதல் வாரம் மழை பெய்தது, பஸ் லேட் என்று ஓட்டினேன். "இது டிவில வாரது. உங்களுக்கு என்னாச்சு?" என்பாள்.

அப்புறம் மெதுவாக வந்தது. மேஸ்திரி சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அரை நாள் ஒட்டியதை வெட்டி எடுத்தது. எல்லோரும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றது.

முருகேசண்ணன் பற்றியும் சொல்வேன். ராசிபுரத்துக்காரர், அதே தளத்தில் வெல்டர், மூன்று வருஷம் முன்னாலேயே பெண்டாட்டி செல்வியக்காவையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டார். ஐந்து வயசுப் பெண் பள்ளிக்கூடம் போய் வந்து பொம்மையோடு கொரிய மொழியில் பேசும். இந்த ஊரிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். "எந்தப் பாசைல கூப்புடுதுன்னு தெரியாமயே திரும்பிப் பாக்கறேன்டா" என்று அவர் ஒருநாள் சொன்னார். அதைக் கோகிலாவிடம் சொன்னேன். மறுநாள் அவள், அந்தப் பிள்ளை பேர் என்ன என்று கேட்டாள்.

வருவேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாள் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

8

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு முருகேசண்ணன் சாரத்திலிருந்து விழுந்தார்.

நான் ஒரு தட்டு கீழே நின்றேன். முகமூடி போட்டு ஒட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. முகமூடியைத் தூக்கியபோது அவர் கீழே கம்பித் தளத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. "காலு எங்கடா இருக்குது?" என்று கேட்டார். "இருக்குதுண்ணா" என்றேன். இருந்தது, திரும்பக் கூடாத பக்கம் திரும்பி.

ஆம்புலன்ஸில் என்னையும் ஏற்றினார்கள், மொழி தெரிந்தவன் என்று. எனக்குத் தெரிந்த மொழி இரும்பு, வெப்பம், சாப்பாடு, மன்னித்துவிடுங்கள். டாக்டர் மெதுவாகச் சொன்னார், படம் வரைந்து காட்டினார். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும், உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்க மாதக்கணக்காகும். செல்வியக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "தம்பி, நீ வெளாட்டுக்காரன். இன்னைக்கு மட்டும் எதையும் ஒளிக்காமச் சொல்லிப் போடு" என்றார். டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

ஆறரைக்கு அறைக்கு வந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

இன்னும் பதினாறு நாள். இதைச் சொன்னால் அவள் வர மாட்டாள். எந்தப் பெண் வருவாள்? இன்றைக்கு என்ன நெசம் என்று கேட்டால், மேஸ்திரிக்குப் பல் வலி என்று சொல்லிவிடலாம். அதுவும் நெசம்தான், உண்மையாகவே அவருக்குப் பல் வலி. விசா முடிகிறவரை பதினாறு நாள் பல் வலியிலேயே ஓட்டிவிடலாம். வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மணி அடித்தது. அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு லேட்டு?"

சொல்லிவிட்டேன். ஒட்டிக்கொண்டு நின்றதிலிருந்து செல்வியக்கா சுவரைப் பார்த்து நின்றது வரை.

"நீங்க நிக்கறதும் அதே எடந்தானுங்களா?"

"அதே சாரந்தான். அவரு மேல் தட்டு. நாளைக்கு அந்தத் தட்டுல நாந்தான் ஏறோணும்."

"பயமா இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மிணி. போனை ரெண்டு கையால புடிச்சுட்டு இருக்கறேன்."

வருகிறாயா என்று கேட்டுப் பார்க்கலாமா, வேண்டாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"அந்தக்கா ஆசுபத்திரில இருந்தா புள்ளைய ஆரு பாக்கறது?"

"ஆருமில்ல. அங்கயே பெஞ்சுல தூங்க வெச்சிருக்குது."

"ஆசுபத்திரிக்குச் சோறு?"

"நாந்தான் ஆக்கிக் கொண்டு போகோணும்."

"நீங்க சாரத்துல நிப்பீங்களா, சோறாக்கி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவீங்களா?" என்று அதட்டினாள். பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு யாரிடமோ பேசினாள். மாமாவின் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி வந்தாள்.

"டிக்கெட்டுப் போடுங்க. கெடைக்கற நாளுக்குப் போடுங்க, நல்ல நாளு கெட்ட நாளு பாக்க வேண்டாம்."

போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூரிலிருந்து. அவள் இதுவரை ஈரோட்டுக்கு மேல் தனியாகப் போனதில்லை. சிங்கப்பூரில் ஆறு மணி நேரம் ஒருத்தியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பயமாக இருக்கிறது என்றாள்.

எனக்கும் என்றேன்.